பதினேழாம் கல்லுக்கு அந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

புதன்கிழமை காலை அலுவலகம் திறந்ததுமே செயல் அலுவலர் மேடம் அதைச் சொல்லிவிட்டார். ஊர்களைத் தரம் பிரிக்கும் பட்டியலை அரசு பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். திறந்திருக்கும்போதே உள்ளே போய்விட்டால் நகரம். தவறவிட்டால் இன்னும் பத்து வருடத்துக்குப் பேரூர்தான்.

நகரம் ஆவதற்கு மூன்று நிபந்தனைகள். முப்பதாயிரம் பேராவது இருக்க வேண்டும். இருந்தார்கள், முப்பத்தோராயிரத்து இருநூற்று நாற்பது பேர். நூறு பேரில் எழுபத்தைந்து பேருக்காவது விவசாயம் அல்லாத வேலை இருக்க வேண்டும். அதுவும் தாராளமாக இருந்தது. மூன்றாவதில்தான் இடித்தது. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேர் வேண்டும். இந்த ஊரில் தொள்ளாயிரத்து நாற்பத்தாறுதான் வந்தது.

“ஆளைக் கூட்ட முடியாது. இடத்தைக் குறைக்கலாம்” என்றார் மேடம். சுவரில் இருந்த வரைபடத்தில் வடக்கு மூலையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு கோடு இழுத்தார். மூன்று சதுர கிலோமீட்டர் வெளியே போனது. ஆயிரத்தைச் சுளுவாகத் தாண்டியது ஊர்.

சர்வேயர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘சங்கிலி’. வேலையில் சேர்ந்த புதிதில் அளவுச் சங்கிலியை மாலை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு திரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். சங்கிலி போய் டேப் வந்து, டேப் போய் செயற்கைக்கோளைப் பார்த்து அளக்கிற கருவியும் வந்துவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

மேடத்தின் கோட்டுக்கு வெளியே போனது பழைய கல்குவாரி மலை. அதன் அடிவாரத்தில் நாற்பத்தாறு வீடுகள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒரு வீடு சங்கிலியின் தங்கை வீடு.

தங்கையின் கணவர் பதினைந்து வருடம் அந்தக் குவாரியில் பாறைக்குத் துளை போட்டவர். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். வாரத்துக்கு இரண்டு சிலிண்டரை ஊர் சுகாதார நிலையத்து வேன் வாசலில் இறக்கிவிட்டுப் போகும். ஊர் எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும். எல்லை மாறிவிட்டால் அந்த வீடு மலைக்கு அந்தப் பக்கம் பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊராட்சியைச் சேர்ந்துவிடும். அங்கே சுகாதார நிலையமே கிடையாது. ஊருக்குள் வீடு மாறி வரலாம் என்றால், புது முகவரியில் ஒரு வருடம் குடியிருந்த பிறகுதான் சிலிண்டர் பட்டியலில் பெயர் ஏறும். அவருக்கு ஒரு வருடம் என்பது ரொம்பப் பெரிய நம்பர்.

சங்கிலி நாற்பத்தாறு வீடுகளைப் பற்றி மெதுவாக எடுத்துச் சொன்னார். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, நகரம் ஆனால்தான் அறுவை சிகிச்சைக் கூடத்தோடு மருத்துவமனை வரும் என்றும், இன்றைக்கு ஒரு பிரசவம் சிக்கலானால் அறுபத்திரண்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது என்றும், போன வருடம் அந்த ரோட்டிலேயே மூன்று பேர் போய்விட்டார்கள் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அந்த மூன்று பேரில் ஒருத்தி டைப்பிஸ்ட் அம்மாவின் மகள். அவர் தலையைத் தூக்கவில்லை. தாளைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் உருளையைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

சங்கிலி வரைபடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அந்த மலை ஊருக்குள் வந்ததே அவரால்தான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் எல்லையை அளந்தபோது, மெயின் ரோட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். அப்போதுதான் தங்கைக்குக் கல்யாணமாகி அடிவாரத்தில் வீடு கட்டியிருந்தாள். அண்ணன் சர்வேயர், தங்கை வீட்டுக்குத் தண்ணீர் லாரி வராது என்றால் எப்படி? எல்லைக்கோடு ரோடு, வாய்க்கால், மலைமுகடு என்று நிலையான ஏதாவது ஒன்றின்மேல்தான் போக வேண்டும் என்பது விதி. வீடுகளுக்குப் பின்னால் இருந்தது முகடு ஒன்றுதான். ஆகவே கோட்டை முகட்டில் ஏற்றினார். ஒரு வீட்டுக்காக ஒரு மலையையே ஊர் விழுங்கியது. இப்போது அது தொண்டையில் நிற்கிறது.

வேறு கோடு கண்டுபிடித்தால் பரிசீலிக்கிறேன் என்றார் மேடம். ஆனால் விதிக்குள் இருக்க வேண்டும், ஆயிரத்தைத் தாண்ட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கல் நட்டுக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை சங்கிலி குவாரிக்குப் போனார். தங்கை வீட்டில் இல்லை. அன்றைக்குத் தண்ணீர் லாரி வரும் நாள், குடங்களோடு கீழே போயிருந்தாள். மாப்பிள்ளை கட்டிலில் இரண்டு தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். அவருக்கு ஒரு வாக்கியம் என்றால் மூன்று மூச்சு.

“வாங்க மச்சான். அளக்கிறதுக்கு வந்தீங்களா? என் நுரையீரலை அளந்து பாருங்க. அரை லோடு ஜல்லி தேறும்.”

சங்கிலி சிரிக்க முயன்றார். வரவில்லை. ஊர் நிலவரம் எல்லோரும் பேசிக்கொள்வதுதான், மாப்பிள்ளைக்கும் காதில் விழுந்திருந்தது. மலையை வெட்டி விடப் போறாங்களா என்று அவராகவே கேட்டார். சங்கிலி விதியைச் சொன்னார், கணக்கைச் சொன்னார். ரோடும் இல்லை, வாய்க்காலும் இல்லை, முகட்டை விட்டால் கோடு போட இங்கே என்ன இருக்கிறது என்றார்.

மாப்பிள்ளை வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இருக்கிறது என்றார்.

குவாரி ஓடிய காலத்தில் கல் லாரிகள் இறங்க ஒரு பாதை வெட்டினார்கள். இப்போது முள்ளும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. ஆனால் அடியில் பாறையைக் குடைந்து போட்ட பாதை, எங்கேயும் போயிருக்காது. அரசாங்க அனுமதி வாங்கிப் போட்டது, பதிவேட்டில்கூட இருக்கும். வெடி வைத்த ஆளே அவர்தான்.

சங்கிலி கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கூட வந்த இரண்டு ஆட்கள் முள்ளை வெட்டித் தள்ள, அரை மணி நேரத்தில் பாறையில் லாரிச் சக்கரம் தேய்த்த தடம் தெரிந்தது. ரோடு! பதிவேட்டில் இருக்கிற, நிலையான, விதிக்கு ஒத்துவருகிற ரோடு. வெறும் பாறை இரண்டரை சதுர கிலோமீட்டர் வெளியே போகும். ஊரின் கணக்கு ஆயிரத்து இருபத்திரண்டுக்கு வரும்.

தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பாதை வளைந்து இறங்கி அடிவாரத்துக்கு வந்தது. வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அடிவாரத்து வீடுகள் இரண்டு வரிசை. கீழ் வரிசையில் முப்பத்தேழு, மேல் வரிசையில் ஒன்பது. பாதை இரண்டுக்கும் நடுவே போனது. தங்கை வீடு மேல் வரிசையின் முதல் வீடு.

அவர் திரும்பி வீட்டுக்குள் வந்தபோது மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

“தெரிஞ்சேதான் சொன்னீங்களா மாப்பிள்ளை?”

“பாதை எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா மச்சான். முப்பத்தேழு வீடு உள்ள வருதுல்ல? நாற்பத்தாறும் போறதுக்கு ஒன்பது போகட்டும்.”

வாசல் பக்கம் மட்டும் தொண்ணூறு மீட்டர் கோட்டை மலைப் பக்கமாகத் தள்ளினால் தங்கை வீடு தப்பிவிடும். கருவியில் இரண்டு புள்ளியை மாற்றினால் போதும், தலைமையகத்தில் யாரும் மலையேறி வந்து பார்க்கப்போவதில்லை. சங்கிலி அதை வாய்விட்டே சொன்னார். மாப்பிள்ளை தலையை அசைத்தார். அப்படியானால் அடுத்த எட்டு வீட்டுக்காரன் என்ன பாவம் பண்ணினான் என்று கேட்டார். அதோடு, அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம் என்றார்.

மாலையில் மேடம் புதுக் கோட்டைப் பார்த்தார், பழைய குவாரிப் பதிவேட்டைப் பார்த்தார், கால்குலேட்டரைத் தட்டினார். சரி என்று ஒரே வார்த்தை. சங்கிலியின் தங்கை வீடு எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லைக்கல் நடுவதற்கு ஒரு முறை உண்டு. கல் ஒன்றுக்கு ஒரு படிவம். கல்லுக்கு உள்ளே இருக்கும் ஒருவர், வெளியே இருக்கும் ஒருவர், இரண்டு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் படிவம் முழுவதையும் அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. இருபத்தெட்டு வருடத்தில் சங்கிலி ஒரு தடவைகூட வாசித்ததில்லை. எந்த சர்வேயரும் வாசிப்பதில்லை. “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, கல்லு நடறோம்” என்று சொன்னால் ஜனங்கள் போட்டுவிடுவார்கள். படிவத்தின் கீழ்ப்பாதி ‘ஆட்சேபம்’ எழுதுவதற்கான இடம். அதன்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ‘இல்லை’ என்று அலுவலகத்திலேயே எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கம். வெயிலில் நின்று எழுதிக்கொண்டிருக்க வேண்டாமே.

வெள்ளிக்கிழமை காலை பதினேழு படிவங்களை அடுக்கிவைத்துக்கொண்டு வரிசையாகக் கோடு இழுத்தார். பதினாறு ஆயிற்று. பதினேழாவதில் பேனாவை வைத்தவர் எடுத்துவிட்டார். அப்படியே மடித்துப் பையில் வைத்தார்.

உள்பக்கச் சாட்சிக்கு டைப்பிஸ்ட் அம்மா வந்தார். ஊருக்குள் குடியிருப்பவர் யாராக இருந்தாலும் போதும், இவர் இருந்தால் எழுத்து வேலையும் ஆகிவிடும் என்று மேடம் அனுப்பியிருந்தார். பதினாறு கல்லுக்கும் வெளிப்பக்கம் வயல்காரர்களும் ஆடு மேய்ப்பவர்களும்தான். யாருக்கும் நஷ்டமில்லை, மளமளவென்று முடிந்தது. இரண்டு மணிக்குப் பதினேழாவது கல் தங்கை வீட்டுக்கு எதிரே இறங்கியது.

மாப்பிள்ளை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சிலிண்டர் பக்கத்தில். தங்கை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, என்ன அண்ணா, எங்க வாசலையும் அளக்கப் போறியா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே சங்கிலிக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை சொல்லியிருக்கவில்லை.

மாப்பிள்ளை பேனாவுக்குக் கையை நீட்டினார். சங்கிலி கொடுக்கவில்லை. படிவத்தை விரித்தார். சர்க்கார் எழுத்தை உரக்க வாசிப்பது அவருக்கே புதிது, நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.

“மேற்படி கல்லுக்கு வெளியே குடியிருக்கும் நான், இந்த எல்லை நடைமுறைக்கு வரும் நாள் முதல், மேற்படி நகரத்தின் குடிநீர், சுகாதாரம், தீயணைப்பு முதலிய எந்தச் சேவைக்கும் உரிமை உடையவன் அல்ல என்பதை அறிந்து…”

தங்கையின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் அப்படியே இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை.

“அப்போ சிலிண்டர்?”

அவள் அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் முன்பே தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை. சிலிண்டர்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள், யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

மாப்பிள்ளை திக்கித் திணறி ஏதோ சமாதானம் சொன்னார். எத்தனை நாளைக்கு இந்தக் குழாயோடு இருக்கப்போகிறேன், ஊருக்கு ஆஸ்பத்திரி வரட்டும் என்றார். சங்கிலி படிவத்தை மடிக்கப் போனார்.

“இன்னும் பாதி இருக்கு சார். அதையும் படிங்க” என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

சங்கிலி நிமிர்ந்தார். அந்தப் படிவத்தை வருடா வருடம் டைப் அடித்தவரே அவர்தான். ஒவ்வொரு வரியும் மனப்பாடம்.

சங்கிலி வாசித்தார். வெளியே வைக்கப்படுபவருக்கு ஆட்சேபம் இருந்தால் கீழே எழுதலாம். எழுதினால் அதைத் தீர்க்காமல் கோப்பை மேலே அனுப்பக் கூடாது.

“தீரலன்னா?” என்றாள் தங்கை.

“அஞ்சு மணிக்குள்ள தீரலன்னா கோப்பு போகாதும்மா. அடுத்த பட்டியல் பத்து வருஷம் கழிச்சு” என்றார் சங்கிலி.

பேனா இப்போது அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. முப்பத்தோராயிரம் பேரின் ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருந்தது. தங்கை டைப்பிஸ்ட் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த மகளுடைய கதை தெரியாதவர்கள் ஊரில் யாரும் இல்லை.

“உங்க பொண்ணு விஷயம் எனக்குத் தெரியும்க்கா. ஆனா இவரு உயிரோட இருக்காரே.”

“இருக்காரு. அதனாலதான் படிக்கச் சொன்னேன்.”

மாப்பிள்ளை குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். சும்மா இருங்க, நீங்க மூச்சுக்கு அல்லாடும்போது பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவ நான்தான் என்று தங்கை அவரை அடக்கினாள். பேனாவை எடுத்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றாள். எல்லையை மாத்துங்கன்னு எழுதவா என்று கேட்டாள்.

டைப்பிஸ்ட் அம்மா அவள் பக்கத்தில் வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்படி எழுதாதே. எல்லைய மாத்த மேடத்தால முடியாது, ‘தீர்க்க இயலாது’ன்னு ஆயிடும். உனக்கு எல்லையா வேணும்? சிலிண்டர் வேணும். ‘எங்க வீட்டுக்கு வேன் வரணும்’னு எழுது. அதுக்கு மேடம் ஒத்துக்கலாம், ஒன்பதாவது விதியில இடம் இருக்கு. நிபந்தனை போட்டுத் தீர்க்கலாம்.”

தங்கை எழுதினாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி நான்கு வரி. டைப்பிஸ்ட் அம்மா ஒரு இடத்தில் மட்டும் விரலை வைத்து, ‘வாரம் இரண்டு’ என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இல்லாவிட்டால் மாதம் இரண்டு என்று வியாக்கியானம் பண்ணிவிடுவார்களாம். பிறகு மாப்பிள்ளை வெளிப்பக்கம் கையெழுத்துப் போட்டார். டைப்பிஸ்ட் அம்மா உள்பக்கம் போட்டார்.

மணி இரண்டு ஐம்பது. வேலை முடிந்தது. ஜீப் டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார்.

சங்கிலி ஏறவில்லை. மேல் வரிசையைப் பார்த்தார். இன்னும் எட்டு வீடு. விதிப்படி கல்லுக்கு வெளிப்பக்கம் ஒரு சாட்சி போதும், மற்றவர்களுக்கு வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆட்சேபம் எழுத மட்டும் எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்த எட்டு வீட்டில் ஒருவன் முரண்டு பிடித்தாலும் கோப்பு நின்றுவிடும். தங்கைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இறங்கிப் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்பும் யாரும் கேட்கவில்லை.

பையிலிருந்து வெற்றுப் படிவங்களை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினார். டைப்பிஸ்ட் அம்மா டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார்.

எட்டு வாசலிலும் வாசித்தார். மூன்றாவது வீட்டில் ஒருவன் படிவத்தைப் பிடுங்கி எறிந்தான். அவன் அம்மா அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். ஐந்தாவது வீட்டில், தங்கச்சிக்கு முன்னாடியே வாசிச்சிருப்பீங்க, நாங்க மிச்சமா என்று ஒருத்தி நறுக்கென்று கேட்டாள். ஆமாம் என்று சங்கிலி ஒத்துக்கொண்டார். கடைசி வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டிவிட்டது. யாரும் எல்லையை மாற்றச் சொல்லவில்லை. எட்டுப் பேருக்கும் தண்ணீர் லாரி வேண்டும்.

அலுவலகப் படி ஏறும்போது நான்கு இருபத்தெட்டு.

மேடம் கடிகாரத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். கட்டைப் பிரித்தார், எண்ணினார், முகம் இறுகியது.

“ஒன்பது ஆட்சேபமா? இத்தனை வருஷத்துல இந்த ஆபீசுக்கு ஒண்ணுகூட வந்ததில்லையே.”

“இத்தனை வருஷமா நான் வாசிச்சுக் காட்டினதில்ல மேடம்.”

மேடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். நிபந்தனையோடு போகிற கோப்பை மேலே திருப்பி அனுப்பவும் செய்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். தங்கையின் நான்கு வரியை இரண்டு தடவை படித்தார். நான்கு முப்பத்தொன்பது. டைப்பிஸ்ட் அம்மா தாளைச் செருகிவிட்டு விரல்களை எழுத்துகளின்மேல் வைத்தபடி காத்திருந்தார்.

“அடிங்க” என்றார் மேடம். பதினேழாம் கல்லுக்கு வெளியே உள்ள ஒன்பது வீடுகளுக்கும், அந்த ஊராட்சி சொந்தமாக ஏற்பாடு செய்து முடிக்கும்வரை, நகரத்தின் தண்ணீர் லாரி செல்லும். முதல் வீட்டு நோயாளிக்கு வாரம் இரண்டு சிலிண்டர், அவர் ஆயுள் உள்ளவரை. ஆட்சேபங்கள் இவ்வாறு தீர்க்கப்பட்டன.

‘ஆயுள் உள்ளவரை’ என்ற இடத்தில் டைப் சத்தம் கொஞ்சம் மெதுவானது. நிற்கவில்லை.

ஸ்கேன் ஆகிக் கோப்பு தலைமையகத்துக்குப் போனபோது நான்கு ஐம்பத்து மூன்று. திருப்பி அனுப்பவில்லை. ஐந்து மாதம் கழித்து அரசிதழில் பட்டியல் வந்தது, ஊரின் பெயர் நகரங்களின் வரிசையில் இருந்தது. மருத்துவமனைக்கு இடம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு அளந்து கொடுத்ததும் சங்கிலிதான். அதன் பிறகு எந்தப் படிவத்திலும் அவர் முன்கூட்டிக் கோடு இழுத்ததில்லை. அவர் வேலை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது என்று ஒரு மெமோகூட வந்தது.

மேல் வரிசைக்குத் தண்ணீர் லாரி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. சுகாதார நிலையத்து வேன் மாப்பிள்ளைக்காகப் பதினேழாம் கல்லைத் தாண்டியது மொத்தம் முப்பத்தொரு தடவை. முப்பத்திரண்டாவது தடவை போனது, சிலிண்டரைத் திரும்ப எடுத்து வருவதற்கு. தங்கை அதைத் துடைத்து வாசலில் வைத்திருந்தாள்.